அரை அச்சுக்கூடம்

உடுமலைப்பேட்டை,
4-3-1936

கோயமுத்தூர் ஸ்ரீ வேணுகோபால அச்சுக்கூடம் பங்காரம்மா அவர்களுக்கு, தம்பிதுரை வணக்கம்.

என் கணக்குப் புத்தகத்தின் முதல் புரூப் நேற்றுத் தபாலில் வந்தது. படித்தேன். படித்துவிட்டுத் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தேன். அப்போதும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் அடுத்த வருஷப் பள்ளிக்கூடமே திறந்துவிடும் என்பதால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

சென்னிமலையில் ஒரு பெண் மூன்றே கால் கஜம் துணி வாங்கினாள் என்று கணக்கு எழுதியிருந்தேன். மூன்று, அதன் பக்கத்தில் மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே நான்கு. உங்கள் அச்சில் கோட்டைக் காணோம். மூன்று எண்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவள் 314 கஜம் வாங்கிவிட்டாள். அத்தனை துணியைக் கொண்டு ஊரையே போர்த்தலாம். அடுத்த கணக்கில் ஒரு வீட்டுக்கு அரைப் படி பால் வாங்குகிறார்கள். அது 12 படியாகியிருக்கிறது.

இவை கைப்பிழைகள் என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்பதாம் பக்கம். அங்கே நான் 6/2 = 3 என்று எழுதியிருந்தேன். அச்சில் 3 = 3 என்று இருக்கிறது. அதன் கீழே 4/4 = 1 என்பது 1 = 1 ஆகியிருக்கிறது. மூன்றும் மூன்றும் சமம் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு எதற்குச் சம்பளம்?

இந்தப் புத்தகத்தை நான் பொழுதுபோகாமல் எழுதவில்லை. போன வருஷம் வகுப்பில், அரை பெரிதா கால் பெரிதா என்று கேட்டேன். முத்தாத்தாள் என்ற பெண் எழுந்து, "காலுதானுங்க சார். கீழ நாலு இருக்குதுங்களே, நாலு ரெண்டவிடப் பெருசுதானுங்க" என்றாள். வகுப்பே தலையாட்டியது. சென்னையிலிருந்து வரும் புத்தகத்தை மூன்று வருஷம் படித்த பிள்ளைகள் அவர்கள். ஜூன் பதினைந்தாம் தேதி பள்ளி திறக்கும்போது என் புத்தகம் கையில் இருந்தால் எடுத்துக்கொள்வதாகப் பள்ளி மானேஜர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் அதே பழைய புத்தகம்தான்.

உங்கள் கணவர் நரசிம்மலு உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. இதை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

தம்பிதுரை


கோயமுத்தூர்,
7-3-1936

வாத்தியார் அவர்களுக்குப் பங்காரம்மா வணக்கம்.

அவர் இருந்திருந்தால் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே கட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர் அல்லவா, அவருக்குத் தெரியும். தெரியாமல் வாங்கிக்கொண்டவள் நான்.

மேலும் கீழுமாக வைக்கும் பொடி எண்கள் எங்களிடம் இல்லை. இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் அடிக்கிறவர்களுக்கு அவை எதற்கு? சென்னைக்கு எழுதியிருக்கிறேன். வந்ததும் உங்கள் சென்னிமலைப் பெண்ணின் துணியைக் குறைத்துவிடலாம்.

ஒன்பதாம் பக்கத்துக்கு வருகிறேன். அது கைப்பிழை இல்லை. எழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாசிட்டர் ராசப்பன் வேண்டுமென்றே செய்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "ஏனுங்கம்மா, வாத்தியாரு கணக்கப் பாதியில உட்டுப்போட்டாரு. ஆறுல ரெண்டுன்னா மூணுதானுங்களே. நாந்தான் முடிச்சு வெச்சேன்" என்கிறார். உங்களுக்கு உபகாரம் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் அதில் ஒரு சந்தேகம். மூன்று என்று ஒரு முழு எண் சௌக்கியமாக இருக்கும்போது அதை எதற்கு ஆறாக்கி இரண்டால் உடைக்க வேண்டும்? ஒரு எழுத்து வைக்கும் இடத்தில் மூன்று எழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் காகிதத்தில் கோடு போட்டுவிடுகிறீர்கள். இங்கே ஒவ்வொரு கோட்டையும் ஈயத்தில் வெட்டி வைக்க வேண்டும்.

மற்றபடி மிஷின் வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை என் கொழுந்தனார் ராமுலு பார்த்துக்கொள்கிறார். அவர் கை வைத்த தாளில் ஒரு எழுத்துகூட மங்காது.

பங்காரம்மா


உடுமலைப்பேட்டை,
11-3-1936

அம்மையாருக்கு,

சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். என் புத்தகமே அந்தச் சந்தேகத்துக்காகத்தான் எழுதப்பட்டது. அச்சுக்கோக்கிறவர்கள் படிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

வீட்டில் அரைப் படி இருக்குமே, அதை எடுத்து ஒரு பானைக்குள் ஆறு தடவை அரிசி அளந்து கொட்டுங்கள். ஆறு அரைகள். அதைத்தான் 6/2 என்று எழுதுகிறேன். மேலே இருப்பது எத்தனை தடவை என்பது. கீழே இருப்பது ஒரு படியை எத்தனையாகப் பிரித்த பங்கு என்பது. இப்போது பானையில் இருப்பது மூன்று படி. அரையால் அளந்ததா, முழுப் படியால் அளந்ததா என்று அரிசியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எண்.

இதே காரணத்தால்தான் முத்தாத்தாள் சொன்னது தப்பு. கீழே உள்ள எண் பெருகப் பெருகப் பங்கு சிறுக்கும். நாலு பேருக்குப் பிரித்த கருப்பட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு பேருக்குப் பிரித்ததைவிடச் சின்னதுதானே?

பிள்ளைகள் முழு எண்ணை ஒரு சாதி என்றும் பின்னத்தை வேறு சாதி என்றும் நினைக்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது. அரை அரையாக எண்ணிக்கொண்டே போனால் இரண்டாவது இடத்தில் ஒன்று வரும், நான்காவதில் இரண்டு வரும், ஆறாவதில் மூன்று வரும். முழு எண்கள் பின்னங்களின் நடுவிலேயே குடியிருக்கின்றன. எந்த முழு எண்ணையும் பின்னமாக எழுதலாம். எல்லாப் பின்னமும் முழு எண்ணாகிவிடாது: ஏழு அரை என்றால் மூன்று படிக்குமேல் ஓர் அரை மிஞ்சும். இவ்வளவுதான் சங்கதி.

ராசப்பனிடம் சொல்லுங்கள். என் கணக்கை அவர் முடித்துவைக்க வேண்டாம். பிள்ளைகள் முடித்துக்கொள்வார்கள்.

தம்பிதுரை


கோயமுத்தூர்,
30-3-1936

வாத்தியார் அவர்களுக்கு,

பொடி எண்கள் வந்துவிட்டன. ராசப்பன் முணுமுணுத்துக்கொண்டே முதல் மூன்று பாரங்களை, பாரத்துக்கு எட்டுப் பக்கமாக, கோத்து முடித்தார். ஆனால் அடிக்க முடியாது. மிஷினில் சக்கரம் இல்லை.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அச்சுக்கூடம் என் கணவருக்கும் ராமுலுவுக்கும் பொதுவானது. அவர் போன பிறகும் ராமுலு ஒரு நாள் தவறாமல் வந்து மிஷினைக் காலால் மிதித்து ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதம் மில்லிலிருந்து வந்த ஒரு குமாஸ்தா, ராமுலுவை நிற்கவைத்து, "முதலாளியம்மா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு போச்சு. சாயங்காலமே உறவில் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணன் இருந்தப்ப நான் தம்பி. இப்பக் கூலியாளுங்க. என்ற பங்கப் பிரிச்சுக் குடுத்துப்போடுங்க, நான் தனியா வெச்சுக்கறேன்" என்றார்.

பெரியவர்கள் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்கள். எழுத்துகளில் பாதியாம். 'க'வில் பாதி அவருக்கு, பாதி எனக்கு என்றால் இரண்டு பேருமே பாதிப் பக்கத்துக்கு மேல் கோக்க முடியாது என்று ராசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். மிஷின் ஒன்றுதானே, அதை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். விற்றுவிடலாமே என்றார் ஒருவர். விற்றுவிட்டு நான் யார் வீட்டு அடுப்படியில் போய் நிற்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ராமுலு இரண்டு ஆட்களோடு வந்தார். மிஷினின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய இரும்புச் சக்கரத்தைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது என்ற பாதிங்க. மிச்சம் நிக்கறது உங்க பாதி. நான் ஒண்ணும் அதிகமா எடுக்கலீங்க வதினா" என்றார். எங்கள் வீட்டுத் தெலுங்குப் பேச்சில் அண்ணியை வதினா என்போம். அந்த நேரத்திலும் அந்த வார்த்தையை விடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அவரிடம் சுழல எதுவும் இல்லாத ஒரு சக்கரம் இருக்கிறது. என்னிடம் சக்கரம் இல்லாத ஒரு மிஷின் இருக்கிறது. உங்கள் புத்தகத்துக்கு வேறு இடம் பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளுங்கள். குறை சொல்ல மாட்டேன்.

பங்காரம்மா


உடுமலைப்பேட்டை,
2-4-1936

அம்மையாருக்கு,

சக்கரமா! கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒன்றைப் பாதியும் பாதியுமாக்கிப் பூஜ்யம் வரவழைத்திருக்கிறார்கள்.

வேறு இடம் பார்க்க நேரமில்லை. பார்க்கவும் மாட்டேன். வருகிற ஞாயிறு காலை ரயிலில் நானே வந்து உங்கள் கொழுந்தனாரிடம் பேசுகிறேன். நியாயமாக எடுத்துச் சொன்னால் எவனுக்கும் புரியும்.

தம்பிதுரை


கோயமுத்தூர்,
7-4-1936

வாத்தியாருக்கு,

உங்களை யார் வரச் சொன்னது?

உங்கள் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. வராதீர்கள் என்று நான் எழுதி அது உங்களுக்குச் சேருவதற்குள் நீங்கள் வந்து, பேசி, போயும் விட்டீர்கள். என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் நேராக ராமுலு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

அங்கே நடந்ததை ராமுலுவின் மனைவி வெங்கடம்மாள் வந்து சொன்னாள். அடுப்புக்கரியை எடுத்து அவர்கள் வீட்டுச் சுவரில் வட்டம் போட்டீர்களாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். வட்டத்தை இரண்டாக வெட்டி, இது அரை, இது அரை, ஆனால் மிஷின் வட்டம் இல்லை என்றீர்களாம். அதுவரை ராமுலு கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். கடைசியில், "இது மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியுமப்பா" என்றீர்களாமே. சொன்னீர்களா?

அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அண்ணனைப் படிக்கவைக்க வேண்டும் என்று இவரை நிறுத்திவிட்டார்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரே, அந்த அண்ணனை.

நேற்றுக் காலை ராமுலு சக்கரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி அன்னூரில் மாமனார் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வெங்கடம்மாளும் கூடப் போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளி இருந்த சக்கரம் இப்போது இருபது மைல் தள்ளி இருக்கிறது. உங்கள் நியாயத்துக்கு மிகவும் நன்றி.

பங்காரம்மா


உடுமலைப்பேட்டை,
11-4-1936

அம்மையாருக்கு,

சொன்னேன். வகுப்பில் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. நரசிம்மலு தன் தம்பியைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் அதற்கும் ஏதாவது ஆகும். விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதிலிருந்து தூக்கம் சரியில்லை. முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று நேற்று எங்கள் தோட்டத்தில் நிற்கும்போதுதான் தோன்றியது.

எங்கள் கிணறு எனக்கும் என் பெரியப்பா மகன் காளிச்சாமிக்கும் பாதிக்குப் பாதி. நானும் அவனும் பேசி ஏழெட்டு வருஷமாகிறது. ஒரு நல்லது கெட்டதுக்குக்கூடப் போய்வருவதில்லை. ஆனால் தண்ணீர் முறை மட்டும் தப்பியதே கிடையாது. காலையில் அவன் மாடு இறைக்கும், உச்சிக்கு மேல் என் மாடு இறைக்கும். கிணற்றின் நடுவில் யாரும் சுவர் கட்டவில்லை. கிணறு முழுசாகத்தான் இருக்கிறது. பிரித்துக்கொண்டது பொழுதைத்தான்.

மிஷினைப் பிரிக்க முடியாது. அது ஓடும் நேரத்தைப் பிரிக்கலாம். தினமும் மத்தியானம்வரை நீங்கள், மத்தியானத்துக்கு மேல் அவர். அரை நாள், அரை நாள். பாதி என்று அவர் கேட்பதும் கிடைத்துவிடும், மிஷினும் முழுசாக இருக்கும்.

நான் வந்து சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டாம்.

தம்பிதுரை


கோயமுத்தூர்,
4-5-1936

வாத்தியார் அவர்களுக்கு வணக்கம்.

சக்கரம் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புரூப் இந்தக் கடிதத்தில் இல்லை.

உங்கள் கிணற்றுக் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் தீரவில்லை. பத்து நாள் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. பிறகு ஒருநாள் நாடகக் கம்பெனிக்காரர் நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்படியே ஒவ்வொருவராகப் போனால் ராமுலு பெறுவதும் ஒன்றுமில்லை, நான் வைத்திருப்பதும் ஒன்றுமில்லை. போன வாரம் பஸ் ஏறி அன்னூருக்குப் போனேன்.

சக்கரம் ஒரு கொட்டகையில் சோளத்தட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேசத் தைரியம் வந்தது.

நீங்கள் எழுதியபடியே தினமும் அரை நாள், அரை நாள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அரை நாளு வந்து மிதிச்சுப்போட்டுப் போறதுக்கு நானென்ன அரைக் கூலிக்காரனுங்களா? அதில்லாம, மத்தியானம் ஆனா பாரத்த எறக்கோணும், மை கழுவோணும், அடுத்த பாரத்த ஏத்தோணும். கழுவறதுக்கே பொழுது போயிரும். இதெல்லாம் யாருங்க சொன்னது, அந்தக் கரிக்கட்டி வாத்தியாருங்களா?"

 வெங்கடம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள்தான் கேட்டாள்: "ஞாயித்துக்கெழம போக ஆறு நாளு வேலை. ஆறு நாள்லயும் ஆளுக்கு அரை நாளுன்னா, அது எத்தனை நாளுங்க அக்கா?"

அப்போதுதான் எனக்கு உங்கள் ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. ஆறு அரை. நான் எத்தனை முறை அந்த வரியைப் புரூப்பில் பார்த்திருப்பேன்! ராமுலுவைப் பார்த்துச் சொன்னேன்: "திங்கள், செவ்வாய், புதன் என்னுது. வியாழன், வெள்ளி, சனி முழுசா உங்களுது. அந்த மூணு நாளும் நான் மிஷின் பக்கமே வர மாட்டேன். போர்டுல உங்க பேரும் இருக்கும். உங்க கிராக்கி, உங்க வேலை."

மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"சாவி?"

"ஆளுக்கொண்ணு."

"அப்படீன்னா வாரனுங்க" என்றார். மறுநாளே வண்டி கட்டிவிட்டார்.

உங்கள் நாட்கள் இனி திங்கள், செவ்வாய், புதன். மற்ற நாட்களில் கேட்டு எழுத வேண்டாம்.

பங்காரம்மா


உடுமலைப்பேட்டை,
7-5-1936

அம்மையாருக்கு,

சந்தோஷம். ஆனால் எனக்கு இது விளங்கவில்லை. நான் சொன்னபோது வேண்டாம் என்றார், நீங்கள் சொன்னபோது சரி என்றார். இரண்டும் ஒன்றுதானே! ஆறு அரை நாள் என்பது மூன்று நாள். அவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடவில்லை. பானையில் இருக்கும் அரிசி அதே அரிசி. பாரத்தைக் கழுவும் தொல்லையைச் சொன்னீர்கள், அது நியாயம். ஆனால் அரைக் கூலி என்றாரே, அதற்கு என்ன அர்த்தம்? இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே எண்ணை ஒருபடி எழுதினால் அவமானம், இன்னொருபடி எழுதினால் மரியாதை என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

இருக்கட்டும். எட்டுப் பாரமும் அடிக்கப் பாக்கி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் வைத்துக்கொண்டு அதை எப்படி முடிப்பீர்கள்? மிதிக்க ஆள் யார்? ராமுலுவிடம் அவர் நாளில் ஒன்றைக் கடனாகக் கேட்கக் கூடாதா?

தம்பிதுரை


கோயமுத்தூர்,
20-5-1936

வாத்தியாருக்கு,

கேட்க மாட்டேன். கொடுத்த நாளைத் திருப்பிக் கேட்டால், கொடுத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். நீங்கள் விளங்கவில்லை என்று எழுதியதும் இதுதான். கணக்கில் இரண்டும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மனிதர் எட்டு வயதிலிருந்து மிச்சம் மீதியையே பங்காக வாங்கிக்கொண்டு வந்தவர். முழுசாக ஒன்றை யாராவது கையில் கொடுத்தால் தேவலை என்று இருந்திருக்கிறார். இதை உங்கள் புத்தகத்தில் போட வேண்டாம்.

மிதிக்க ஆள் யார் என்று கேட்டீர்கள். மாசாணம் என்று ஒருவரை வைத்தேன். இரண்டாம் நாளே தாள் வைக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது நானே மிதிக்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் சன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் கால் வலியில் கூச்சம் தெரியவில்லை.

ஐந்து பாரங்கள் முடிந்தன. சில தாள்களில் அச்சு ஒரு பக்கம் அழுந்தியும் ஒரு பக்கம் மங்கியும் இருக்கிறது. எனக்கே தெரிகிறது. நீங்கள் வேறு எழுதாதீர்கள்.

பங்காரம்மா


உடுமலைப்பேட்டை,
5-6-1936

அம்மையாருக்கு,

எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது. மானேஜர் இன்று என்னை அழைத்து, "என்னங்க தம்பிதுரை, உங்க புத்தகம் வருதா, நான் மெட்ராசுக்கு ஆர்டர் போட்டுடட்டுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கூட இருந்த இரண்டு வாத்தியார்களும் சிரித்தார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் முக்கால் என்பது தலைகீழாக இருக்கிறது: மேலே நான்கு, கீழே மூன்று. ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டியது ஒன்றுக்கு மேலே போய்விட்டது. முன்பு என்றால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். பேனாவால் திருத்திக்கொள்கிறேன். புத்தகத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள். உங்கள் காலுக்கு எப்படி இருக்கிறது?

தம்பிதுரை


கோயமுத்தூர்,
13-6-1936

வாத்தியார் அவர்களுக்கு வணக்கம்.

இருநூறு புத்தகமும் இன்றைய சாயங்கால ரயிலில் வருகின்றன. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கள். இரண்டு பெட்டி. நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கு ஒரு கடிதம் வரும்.

புதன்கிழமை பொழுது சாய்ந்தபோது கடைசிப் பாரம் பாதிகூட ஆகவில்லை. என் கால் மரத்துப்போய்விட்டது. மறுநாள் ராமுலுவின் நாள். அன்னூர்க்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெள்ளிக்குள் அடித்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சொன்ன சொல்படி உங்கள் பாரத்தை இறக்கி, மை கழுவி வைக்க வேண்டும். கழுவ மனம் வரவில்லை. விடிந்ததும் வந்து இறக்கிக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. நான் மிதிக்கும் சத்தம் மாதிரி இல்லை. ஒரே சீராக வந்தது. உள்ளே ராமுலு நிற்கிறார். பத்திரிகை அடிக்க ஆரம்பித்துவிட்டார், உங்கள் பாரத்தை எங்கே இறக்கி வைத்தாரோ என்று பதறிக்கொண்டு போனேன். அவர் கையில் இருந்தது உங்கள் தாள். கடைசிப் பக்கத்துப் பயிற்சிக் கணக்கு.

"இன்னிக்கு உங்க நாளுங்களே" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து நீங்க அடிச்சதப் பாத்தனுங்க. எழுத்தெல்லாம் ஒருபக்கமாச் செத்துக் கெடக்குது. இந்த மிஷின்ல இப்படி ஒரு தாளு வெளிய போனா, என்ற பேரும் போர்டுல இருக்குதுங்களே வதினா! அந்தத் தாளக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. யார் நாளுன்னு பாத்துட்டு நின்னா மை காஞ்சுபோயிரும்."

எடுத்துக் கொடுத்தேன். நான் மங்கலாக அடித்திருந்ததையெல்லாம் கழித்துவிட்டு முதலிலிருந்தே அடித்தார். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. வெங்கடம்மாள் சோறு கொண்டுவந்தாள். இரண்டு பேரும் பாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டோம். அன்னூரில் பேசியதை விட்டால், நானும் அவரும் நேராகப் பேசிக்கொண்டது மூன்று மாதத்தில் அன்றுதான். பேசியதெல்லாம் தாள், மை, இன்னும் எத்தனை என்பதுதான்.

அவருடைய கல்யாணப் பத்திரிகை இதனால் நேற்று முடியவில்லை. இன்று சனிக்கிழமை, அவர் நாள். நான் மிஷின் பக்கம் வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள். ஆனால் ராசப்பனுக்குக் காய்ச்சல். அதனால் காலையிலிருந்து அவருடைய பத்திரிகையை நான்தான் கோத்துக்கொண்டிருக்கிறேன். மணமகன் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று இப்போதுதான் சத்தம் போட்டுவிட்டுப் போனார். நாளைக்கு ஞாயிறு, யார் நாளும் இல்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாள், மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர் மறுபடியும் கூப்பிடுகிறார்.

பங்காரம்மா